கண்டுபிடித்த அன்றே எடை பாருங்கள், எழுந்து நிற்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசநோய் பற்றிய செய்தி என்றால் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் தலைப்பில் வருகிறது: இந்த மாவட்டத்தில் இத்தனை பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. உலகக் காசநோய் நாளான மார்ச் 24 வந்தால் கூடவே ஒரு பேரணிப் படமும் வரும். அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த இரண்டு மாதத்தைத் தாண்டினார்கள் என்று செய்தியில் இருப்பதில்லை. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள், அதிலும் தொடக்க வாரங்களில், நடந்துவிடுகிறது. மாத்திரைப் பெட்டியில் பாதி மிச்சம் இருக்கும்போதே ஆள் போய்விடுகிறார். யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்பதை நோய் உறுதியான அன்றே பத்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மாத்திரை கிருமியைக் கொல்லும், உடம்பைத் தேற்றாது. ஆறு மாதமாகச் சாப்பாடு இறங்காமல் 35 கிலோவுக்கு வந்துவிட்டவருக்கு, நுரையீரலில் பாதி அரித்துப்போனவருக்கு, மருந்து வேலை செய்யத் தொடங்கும் நாட்களில் உயிரைப் பிடித்துவைக்க வேறு உதவி வேண்டும். ஆக்ஸிஜன், அளந்து கொடுக்கும் உணவு, ரத்தச் சோகைக்கும் சர்க்கரைக்கும் வைத்தியம், கூடவே வந்திருக்கும் வேறு கிருமித் தொற்றுக்கு மருந்து. இவை படுக்கையில் வைத்துச் செய்ய வேண்டியவை. ஆனால் காசநோய் என்றால் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணம் பிறந்த இடமும் நம் ஊர்தான்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை), நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமுமாக. இன்னொரு பாதி அவரவர் வீட்டில், நெரிசலான குடியிருப்புகளில். இரு தரப்புக்கும் அதே ஐசோனியாசிட், அதே பாஸ் மருந்து, ஓராண்டு. 1959-ல் வெளியான முடிவு உலகத்தின் சானடோரியங்களை மூட வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டு மக்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

இந்த ஆய்வைச் சொல்லும் பலர் அதன் இன்னொரு பாதியை விட்டுவிடுகிறார்கள். 'வீட்டுச் சிகிச்சை' என்று அவர்கள் சொன்னது மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவதை அன்று. பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்சம் இருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். தவறவிட்டவரைத் தேடிப் போனார்கள். வீட்டில் இருப்பது மலிவு என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, வீட்டைத் தேடிப் போவதற்கு ஆகும் உழைப்பைக் கழித்துவிட்டோம். பெரும்பாலானவர்களுக்கு வீட்டுச் சிகிச்சையே சரி என்பதை, எல்லோருக்கும் அதுவே போதும் என்று படித்துக்கொண்டதும் நம் பிழைதான்.

அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியும் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. 2022 ஏப்ரலில் வந்த 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வகுத்தது. புதிய கருவி, புதிய மருந்து எதுவும் இல்லை. ஒற்றைத் தாளில் அடங்கும் பரிசோதனை. அதில் மூன்று கேள்விகள். ஒன்று, உடல் மெலிவு மிகக் கடுமையா: பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 14-க்கு மேல் 16 வரை இருந்து இரண்டு கால்களிலும் வீக்கம். இரண்டு, மூச்சு போதவில்லையா: நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, அல்லது ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ். மூன்று, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மூன்றில் எந்த ஒன்று சரியில்லை என்றாலும் அவரை முழுப் பரிசோதனைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அனுப்ப வேண்டும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் யாரும் செய்யலாம்.

கேட்க எளிது. தவறுவதும் இந்த எளிமையில்தான்.

முதலில் எடை. எடைப்பொறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமலே ஏற்றிவிடுவது வழக்கம். செருப்போடும் கையில் துணிப்பையோடும் நிற்பவர் ஒரு கிலோ கூடுதலாகத் தெரிவார். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு கிலோ ஒரு படுக்கையைப் பறித்துவிடும். அடுத்து உயரம். எடையை எழுதும் பலர் உயரத்தை எழுதுவதில்லை, அல்லது பார்வையில் மதிப்பிட்டு 160 என்று போட்டுவிடுகிறார்கள். உயரம் இல்லாமல் பி.எம்.ஐ. இல்லை. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 14 என்பது 31.5 கிலோ, 16 என்பது 36 கிலோ. 160 செ.மீ. ஆளுக்கு அதே எல்லைகள் சுமார் 36, 41 கிலோ. கணக்குப் போட நேரம் இல்லை என்றால் 140 முதல் 180 செ.மீ. வரை ஒவ்வொரு உயரத்துக்கும் இந்த இரண்டு எடைகளை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். நிற்கவே முடியாதவருக்கு உயரம் எப்படி எடுப்பது என்று திணறி, தாளை வெறுமையாக விடுவதும் நடக்கிறது. அவரைச் சேர்க்க வேண்டும் என்பது மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. உயரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கால் வீக்கத்தைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கடுமையாக மெலிந்த உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் எடைப்பொறி பொய் சொல்லும். இரண்டு மூன்று கிலோ நீர் ஏறியவரின் பி.எம்.ஐ. 15 என்று காட்டும். உள்ளே இருக்கும் தசையை மட்டும் எடை போட்டால் அவர் 14-க்குக் கீழ்தான். புடவையையோ கைலியையோ கொஞ்சம் தூக்கிக் கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்த வேண்டும். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம். இரண்டு காலிலும் பார்க்க வேண்டும். இதே காரணத்தால், சேர்த்த பிறகு நீர் வடியும்போது எடை குறையும். தேறிவருபவரைப் பார்த்து 'இன்னும் இளைக்கிறாரே' என்று பதறவும் கூடாது.

மூச்சை எண்ணுவதில் நடக்கும் அலட்சியத்துக்கு அளவே இல்லை. பல அட்டைகளில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்றே இருக்கும். எல்லா நோயாளிக்கும் ஒரே மூச்சு வராது. எண்ணாமல் எழுதியது என்பது அட்டையைப் புரட்டினாலே தெரியும். நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு மாறிவிடும். எல்லை 24 என்னும்போது அது பெரிய தவறு. 'மூச்சு எண்ணப் போகிறேன்' என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணலாம். ஆக்ஸிமீட்டரை மாட்டியதும் வரும் முதல் எண்ணை எழுதக் கூடாது. அரை நிமிடம் போல விட்டு, எண் நிலைத்த பிறகு எழுத வேண்டும். நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல், தீரப்போகும் பேட்டரி எல்லாம் எண்ணைக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் வேறு விரலில் மாட்டிப் பார்க்கலாம்.

நிற்கச் சொல்லிப் பார்ப்பதுதான் இருப்பதில் மலிவான பரிசோதனை, அதிகம் விட்டுப்போவதும் அதுதான். காரணம், நோயாளி வருவதே இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரின் சளியை டப்பாவில் மகனோ மனைவியோ கொண்டுவருகிறார். ட்ரூநாட் கருவி நோயை உறுதி செய்கிறது. மாத்திரையும் அவர்கள் கையிலேயே போகிறது. மாவட்டத்திலேயே மிக மோசமான நிலையில் இருப்பவரை மருத்துவப் பணியாளர் ஒருவர்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. சளி மட்டும் வந்து ஆள் வரவில்லை என்றாலே அதை அபாய அறிகுறியாக எடுத்துக்கொண்டு, கிராம சுகாதார செவிலியரோ 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரோ அன்று மாலைக்குள் ஆக்ஸிமீட்டருடன் வீட்டுப்படி ஏற வேண்டும்.

தாளில் 'தீவிரம்' என்று வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் போய்விடுவார் என்று நினைப்பது தப்பு. கூட இருக்க ஆள் இல்லை; ஆள் இருந்தால் அவருக்கு அன்றைய கூலி போகும்; வீட்டில் குழந்தை, மாடு. காசநோய் வார்டு என்றாலே சாக அனுப்பும் இடம் என்ற பயம் வேறு. படுக்கை இருக்கிறதா என்று அனுப்புகிறவரே போனில் கேட்டு, பெயர் சொல்லி, 108 வண்டியோ வேறு வண்டியோ ஏற்பாடு செய்தால் வருகிறவர் எண்ணிக்கை கூடும். எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாள் தெரியாத ஒன்றுக்கு எவரும் சம்மதிப்பதில்லை.

குடிப்பழக்கம் உள்ளவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்த்த இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுக்கம், தூக்கமின்மை, குழப்பம் வரும். இது குடி நின்றதால் வருவது. வார்டில் இதைச் சண்டித்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் எழுந்து போய்விடுகிறார். அட்டையில் 'சொல்லாமல் வெளியேறினார்' என்று ஒரு வரி. சேர்க்கும் அன்றே கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டு, அதற்கான மருந்தையும் தயமினையும் (வைட்டமின் பி1) மருத்துவர் எழுதியிருந்தால் அந்த வரி வந்திருக்காது. ஈரல் ஏற்கெனவே கெட்டிருக்கலாம் என்பதால் மஞ்சள் காமாலை, வாந்தி, வயிற்று வலி வந்தால் உடனே சொல்லவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டில் நடக்கும் விபத்து பலருக்குத் தெரியாது. 'உடம்பு தேறட்டும்' என்று சொந்தக்காரர்கள் முதல் நாளே நாட்டுக்கோழிக் குழம்பும் பழச்சாறும் கொண்டுவந்து இறக்குவார்கள். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சோறும் சர்க்கரையும் போனால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் அளவு சட்டென்று இறங்கும். இதயத் துடிப்பு தவறும், மூச்சுத் தசை சோர்ந்துபோகும். சாப்பிடத் தொடங்கிய சில நாளில் இறப்பவர்களைப் பார்த்து 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று பழி மாத்திரை மேல் விழுகிறது. முதல் நாட்களில் தேவையில் பாதியோ அதற்கும் குறைவாகவோ, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சின்னச் சின்ன அளவாகத் தொடங்கி, ஒரு வாரம் போலப் படிப்படியாக ஏற்ற வேண்டும். தயமின் உணவுக்கு முன்பே போக வேண்டும். இதைச் செவிலியர் உறவினர்களிடம் நேரில் சொல்லாவிட்டால் தூக்குச் சட்டி வருவது நிற்காது.

வீடு திரும்பும் அன்று தொலைந்துபோவது தொடர்ச்சி. மருந்துப் பெட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில், நோயாளி மாவட்ட மருத்துவமனையில், இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் அன்றைய எடை, உட்கார்ந்திருக்கும்போதும் கொஞ்சம் நடந்த பிறகும் உள்ள ஆக்ஸிஜன், நாளைக் காலை மாத்திரையை யார் கையால் வாங்குவார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். எடை மாறினால் மாத்திரைக் கணக்கும் மாறும். நான்கு மருந்து சேர்ந்த இன்றைய மாத்திரை 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை தினம் 4. தேறி 50-ஐத் தாண்டியவருக்குப் பழைய எண்ணிக்கையே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

எடையைப் பற்றி இன்னொன்று. ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தார்கள்: அரிசி 5 கிலோ, பொட்டுக்கடலை மாவு போன்ற வறுத்த கடலை மாவு 3 கிலோ, பால் பவுடர் ஒன்றரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர், கூடவே வைட்டமின் மாத்திரை. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ. குடும்பத்தில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்த வீடுகளில், நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளைவிட, புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மாதாமாதம் எடை போடுவது சடங்கு என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். இரண்டாம் மாதக் கடைசியிலும் எடை ஏறாதவரைத் திரும்பக் கூப்பிட்டு, சர்க்கரை இருக்கிறதா, மருந்துக்கு அடங்காத கிருமியா, சாப்பாடே இல்லையா என்று பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்காக ஒன்றிய அரசு தரும் நி-க்ஷய் உதவித்தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. தொடக்கத்தில் 3,000, 84 நாள் கழித்து 3,000 என்று இரண்டு தவணை. நல்ல மாற்றம். ஆனால் வங்கிக் கணக்கு எண்ணில் பிழை, ஆதார் இணைக்கவில்லை என்று முதல் தவணை தள்ளிப்போனால், அது மிகத் தேவைப்படும் அந்த முதல் இரண்டு மாதம் ஓடிவிடும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஜார்க்கண்டின் பையை அப்படியே எடுத்துவர வேண்டியதில்லை. நம் நோயாளியின் தட்டில் குறைவது பருப்பு, முட்டை, கடலை, எண்ணெய். நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப்பை தரும் நிறுவனங்களும் சங்கங்களும் அரிசி மூட்டையோடு படம் எடுப்பதை விட்டு இவற்றைத் தரலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை தனியார் மருத்துவம். காசநோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012-லிருந்தே கட்டாயம். பெயர், முகவரி, மருந்து எல்லாம் பதிவாகின்றன, பி.எம்.ஐ., மூச்சு, நிற்கும் திறன் இந்த மூன்றும் அரசு நிலையங்களைப் போலத் தனியாரிடம் கேட்கப்படுவதில்லை. கொரோனாவுக்குப் பிறகு ஆக்ஸிமீட்டர் இல்லாத கிளினிக் அரிது. எடைப்பொறி இருக்கிறது. சுவரில் ஓர் அளவுகோல் ஒட்டினால் முடிந்தது. அதே ஒற்றைத் தாளைத் தனியாரும் நிரப்பச் சொல்லி, 'தீவிரம்' என்று வந்தால் அரசுப் படுக்கைக்கு நேரடியாக அனுப்ப ஒரு போன் எண் கொடுத்தால் போதும். நோயாளி கைவிட்டுப் போய்விடுவார் என்ற தயக்கம் சில மருத்துவர்களுக்கு இருக்கும். தேறியதும் அவரிடமே திருப்பி அனுப்புவோம் என்று எழுத்தில் கொடுக்கலாம்.

தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காசநோய் பற்றிய கூட்டத்துக்குப் போகும்போது, கண்டறியப்பட்டவர் எண்ணிக்கையோடு இவற்றையும் கேட்டு எழுதுங்கள்: அவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தாள் முழுதாக நிரப்பப்பட்டது, எத்தனை பேர் தீவிரம் என்று வந்தது, அவர்களில் எத்தனை பேர், எத்தனை நாளில் சேர்க்கப்பட்டார்கள், இரண்டாம் மாத முடிவில் எத்தனை பேருக்கு எடை போடப்பட்டது, சேர மறுத்தவர்கள் எத்தனை பேர், ஏன் மறுத்தார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத அட்டையில் ஒரு வரி இடம் விட்டால் போதும். 'துணைக்கு ஆள் இல்லை' என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால், துணைக்கு ஆள் போடுவதற்கான செலவை எந்தத் தலைப்பில் கேட்பது என்பது மாவட்ட ஆட்சியருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியில் உள்ள ஒரு வாசகர்